பிறர் வீட்டில் ஓர் ஆண்டு

(கோவையில் ஜெர்மன் மொழி பயிலும் மாணவியரும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



"பிள்ளை பார்க்கவா இவளை டிகிரி படிக்க வைச்சோம்?" உங்களில் பலர் வீட்டில் இந்தக் கேள்வி இப்போது ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் பெரியப்பா கேட்டார். அம்மா வாய் திறந்து கேட்கவில்லை; முகத்தில் அதே கேள்வி இருந்தது. அது நியாயமான கேள்வி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒரு பெண் அடுத்தவர் வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போனால் அந்தக் குடும்பம் நொடித்துவிட்டது என்று பேசும் ஊர் நம்முடையது. அந்த ஊரிலிருந்து பட்டம் வாங்கிய மகளை விமானம் ஏற்றி அனுப்புவதற்கு வலுவான காரணம் வேண்டும். அந்தக் காரணம் என்ன, எந்த நிபந்தனையில் அது செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஓபேர் என்பது என்ன என்று பெற்றோர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு இளைஞர் ஒருவர் ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்குவார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார், சின்னச் சின்ன வீட்டு வேலைகளில் கைகொடுப்பார். பதிலுக்குச் சாப்பாடு, தனி அறை, கைச்செலவுக்குப் பணம், அந்த நாட்டு மொழியைக் கற்கும் வாய்ப்பு. பெரும்பாலும் பெண்கள் போகிறார்கள், பையன்களும் உண்டு. ஐரோப்பிய கவுன்சில் 1969-ல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இதற்கென ஓர் உடன்படிக்கை உருவாக்கியது. ஓபேர் முழு மாணவியும் இல்லை, முழுத் தொழிலாளியும் இல்லை, இரண்டின் கூறுகளும் கொண்ட தனி வகை என்று அதன் முன்னுரை சொல்கிறது. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், வாரத்தில் ஒரு முழு நாளாவது ஓய்வு வேண்டும் என்றும் வரையறுத்தது.

ஜெர்மனி தனக்கென்று விதிகள் வைத்திருக்கிறது. நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. ஏ1 எனும் தொடக்க நிலை அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. குழந்தை தூங்கும்போது வீட்டில் காவலாக இருக்கும் மாலை நேரமும் இந்தக் கணக்கில்தான் வரும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், மொழி வகுப்புக்குத் தனியாக 70 யூரோ. மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் குடும்பத்தின் செலவு. அதிகபட்சம் ஓராண்டு, இரண்டாம் முறை போக முடியாது. வயதானவர்களையோ நோயாளிகளையோ பராமரிப்பது ஓபேரின் வேலை இல்லை. இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு விதி எதற்கு என்று தோன்றலாம். பெண்கள் பிறர் வீட்டு வேலைக்கு ஊர்விட்டு ஊர் போன கதை ஐரோப்பாவிலும் கண்ணீர்க் கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிராமத்துப் பெண்கள் வீட்டு வேலை தேடி ரயிலேறி பெர்லினுக்கு வந்து குவிந்தார்கள். அவர்களை ஏமாற்றி இழுத்துப்போகத் தரகர்கள் ரயில் நிலையத்திலேயே காத்திருந்தார்கள். 1894-ல் பெர்லின் ஷ்லேசிஷர் நிலையத்தில் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் நடைமேடையில் நின்று, வந்திறங்கும் பெண்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப்போகத் தொடங்கினார்கள். பான்ஹோஃப்ஸ்மிஷன் என்ற அந்த அமைப்பு இன்றும் ஜெர்மனியின் பெரிய ரயில் நிலையங்களில் இருக்கிறது. நீங்கள் பெட்டியோடு வழிதெரியாமல் நின்றால் அந்தக் கதவைத் தட்டலாம். 1877-ல் ஜெனிவாவில் இதே நோக்கத்தோடு தொடங்கிய பெண்கள் சங்கத்தின் ஜெர்மன் கிளை பின்னாளில் ஓபேர் சேர்க்கையையும் எடுத்து நடத்தியது. முன்னால் போன பெண்கள் பட்ட பாட்டிலிருந்துதான் இந்த விதிகள் பிறந்தன என்பதால் நான் அவற்றை மரியாதையோடு வாசிக்கிறேன்.

நான் போனது தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபுர்க் நகருக்கு. பக்கத்திலேயே ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைக்காடு. பழைய நகரத்தின் தெருவோரங்களில் ஒரு முழம் அகலத்துக்குத் தெளிந்த நீர் ஓடும் வாய்க்கால்கள் உண்டு. பிள்ளைகள் மரப் படகைக் கயிற்றில் கட்டி அதில் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். ஏழு வயதுப் பையனும் நான்கு வயதுப் பெண்ணும் என் பொறுப்பு. தாய்க்கு மருத்துவமனையில் வேலை, தந்தைக்கு அலுவலகம்.

முதல் சில வாரங்கள் எனக்கு வாய் இல்லை. பி.எஸ்சி. முடித்தவள், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். அங்கே நான்கு வயதுக் குழந்தையிடம் "காலணி போடு" என்று சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு பொருளுக்கு ஆண்பால் முன்னொட்டுக்குப் பதில் பெண்பால் போட்டுவிட்டால் சின்னவள் உடனே திருத்துவாள். கேலியாக இல்லை, அவளுக்கு அது காதில் உறுத்தியது, அவ்வளவுதான். நம்மைவிடச் சின்னவர்களிடம் கற்பதற்கு நம் வளர்ப்பில் பழக்கம் குறைவு. அக்கா சொல்வாள், தங்கை கேட்பாள். அங்கே தலைகீழாக உட்கார்ந்து கற்றேன். இரவில் படுக்கையோரம் படக்கதை வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரே கதையை அவள் நாள்தோறும் கேட்பாள், நானும் நாள்தோறும் வாசிப்பேன். மொழி வகுப்பில் புரியாத வாக்கிய அமைப்பெல்லாம் அந்தப் படுக்கையோரத்தில் நாக்கில் ஏறியது. தமிழ்ப் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வரும். வகுப்பில் மற்றவர்கள் திணறிய அந்த இடம் நமக்குச் சொந்த வீடு.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் ரொட்டி வெட்டி, வெள்ளரியும் ஆப்பிளும் சேர்த்து டப்பாவில் வைப்பது. மழையானாலும் சேறானாலும் வெளியே விளையாட விடுவார்கள் என்பதால் நீர் புகாத கால்சட்டையை மாட்டிவிட்டுச் சின்னவளை மழலையர் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது. மாலையில் அழைத்து வருவது, துணி மடிப்பது, குப்பையை நான்கு வகையாகப் பிரித்துப் போடுவது. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள் வந்தால் அவர்களோடு உட்கார்ந்து காகித விளக்கு செய்து, இருட்டில் ஊர்வலம் போவது. இதில் வளர்ச்சி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இரண்டு இடங்களில் வந்தது. இரண்டையும் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

முதலாவது, அடிக்காமல் ஒரு குழந்தையோடு வாழ்வது.

நாம் அடி வாங்கி வளர்ந்தவர்கள். அடித்தவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை. என் அம்மா அடித்துவிட்டு, பிறகு தனியாக அழுதுவிட்டு, தோசை ஊற்றித் தருவார். ஜெர்மனியில் 2000-ல் குடிமைச் சட்டத்தைத் திருத்தி, வன்முறையற்ற வளர்ப்பு குழந்தையின் உரிமை என்று எழுதினார்கள். உடலில் அடிப்பது மட்டுமல்ல, மனம் புண்படும்படி அவமதிப்பதும் கூடாது. சுவீடன் 1979-லேயே இதைச் செய்திருந்தது. நம் நாட்டில் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடுக்கிறது. வீட்டுக்குள் அது நுழைவதில்லை.

சட்டத்தைப் படித்தால் புரியும், ஆனால் கை பழக வேண்டுமே. ஒரு நாள் கடையில் சின்னவள் தரையில் புரண்டு கத்தினாள். நூறு கண்கள் பார்க்கின்றன. எனக்குள் என் பாட்டி, அம்மா, நான்காம் வகுப்பு டீச்சர் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதற்கு முந்தின வாரம் இதே போன்ற தருணத்தில் அவள் அப்பா என்ன செய்தார் என்று பார்த்திருந்தேன்: தரையில் மண்டியிட்டு அவள் கண் மட்டத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல் இருந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன். அழுகை ஓயும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே என் கையைப் பிடித்து எழுந்தாள். அன்று எனக்குத் தெரிந்தது, குழந்தையின் கோபத்தைத் தாங்கக் கற்றால்தான் நம் கோபம் நம் சொல் கேட்கும் என்று. இன்று நான் செவிலியாக வேலை செய்கிறேன். வலியில் கத்தும் நோயாளியின் பக்கத்தில் பதறாமல் நிற்க முடிகிறதென்றால், அதற்கான பயிற்சி செவிலியர் பள்ளிக்கு முன்பே, அந்தக் கடையின் தரையில் தொடங்கியது.

இரண்டாவது, என் நேரத்துக்கு எல்லை சொல்லக் கற்றது. இன்று நான் பேச வந்ததன் மையம் இதுதான்.

நம் வீடுகளில் பெண்ணுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் அனுசரித்துப் போவது. போகிற வீட்டில் நல்ல பெயர் எடுக்க வேண்டும். கேட்பதற்கு முன் செய்ய வேண்டும். களைப்பைக் காட்டக் கூடாது. இந்தப் பாடத்தைக் கற்றுத் தேர்ந்த பெண்ணை அயல்நாட்டு வீடொன்றில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? அவள் 6 மணி நேரம் முடிந்த பிறகும் சமையலறையில் நிற்பாள். யாரும் நிற்கச் சொல்லாவிட்டாலும் நிற்பாள். நாளடைவில் அவள் நிற்பது வழக்கமாகும், வழக்கம் எதிர்பார்ப்பாகும்.

எனக்கும் குளிர்காலத்தில் அப்படித்தான் நகர்ந்தது. தாயின் பணிநேரம் மாறியதில் மாலை வேலை நீண்டது. மக்கள் உயர்கல்விக் கூடத்தில் நடந்த மொழி வகுப்புக்கு நான் தாமதமாகப் போக ஆரம்பித்தேன். ஜார்ஜியா, கொலம்பியா, மடகாஸ்கர் பெண்களெல்லாம் என்னோடு படித்தார்கள். அவர்களில் ஒருத்திதான் ஒரு நோட்டை என் முன் வைத்து, தினமும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிக்கிறாய் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். ஒரு ஞாயிறு மாலை, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அந்த நோட்டை மேசையில் வைத்து, முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களைச் சொன்னேன். வேலை கூடிவிட்டது. வகுப்பு தவறுகிறது. ஒப்பந்தத்தில் இப்படி இல்லை. என்ன செய்யலாம்? என் குரல் நடுங்கியது. அந்தத் தாய் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த நாட்காட்டியை எடுத்து வந்தார், இருவரும் உட்கார்ந்து வாரத்தைத் திருத்தி எழுதினோம். "நீ சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. முகம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஊரிலிருந்து போனவள் நான். புரிந்துகொள்ளாவிட்டால் மனத்துக்குள் வருந்துவோம், அம்மாவிடம் போனில் அழுவோம், கேட்க மாட்டோம். கேட்டால் உறவு முறியும் என்ற பயம் நமக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. கேட்ட பிறகு எங்கள் உறவு இறுகியது. திரும்பக் கிடைத்த அந்த மாலைகளில்தான் நான் உண்மையில் வளர்ந்தேன்: வகுப்பு, நூலகம், தனியாக ரயிலேறி பக்கத்து ஊர், ஸ்விஸ் எல்லையில் உள்ள பாசல் வரை பயணம், வழி தவறினால் வழி கேட்பது. வேறு வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்களோடு உட்கார்ந்து அவரவர் நாட்டுச் சோற்றைச் சமைத்துச் சாப்பிடுவது. வேலை நேரம் எனக்குப் பொறுமை தந்தது. என்னை எனக்குக் காட்டியது ஓய்வு நேரம். ஆகவே ஓபேராகப் போகிற பெண்ணிடம் அந்த ஓய்வு நேரத்தைப் பறித்துவிட்டால், மிஞ்சுவது மலிவான வீட்டு வேலை மட்டுமே. பெரியப்பாவின் கேள்விக்கு அப்போது பதிலே இல்லாமல் போகும்.

எல்லாருக்கும் என் அனுபவம் அமையாது. எனக்கு நோட்டுத் தந்த அதே தோழியின் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தார். குழந்தை பார்க்கப் போனவளிடம் பாட்டியையும் பார்க்கச் சொன்னார்கள். அவள் விதியைக் காட்டினாள், அவர்கள் மசியவில்லை. சேர்க்கை அமைப்பின் உதவியோடு வேறு குடும்பத்துக்கு மாறினாள். அப்படி மாற வழியுண்டு. ஆனால் ஓராண்டில் மீதி இருக்கும் மாதங்களுக்குத்தான்.

இதைவிடக் கசப்பானதும் நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் தன் நாட்டுப் பெண்கள் சுரண்டப்படுகிறார்கள் என்று பிலிப்பைன்ஸ் அரசு 1998-ல் ஓபேர்களை அங்கே அனுப்பத் தடை விதித்தது. அந்தத் தடை முழுமையாக நீங்க 2012 ஆயிற்று. அமெரிக்காவில் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை, 195.75 டாலர் உதவித்தொகை என்ற அளவில் திட்டம் நடந்தது. சேர்க்கை நிறுவனங்கள் கூடிப் பேசிக் கூலியைக் குறைத்து வைத்திருப்பதாக ஓபேர்களே டென்வர் நீதிமன்றத்தில் 2014-ல் வழக்குப் போட்டார்கள். 2019-ல் அது 6.55 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. நார்வே 2024-ல் ஓபேர் அனுமதியையே நிறுத்திவிட்டது. பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் மலிவுக் கூலி நடக்கிறது என்ற நெடுங்கால விவாதத்தின் முடிவு அது. என் கருத்தைக் கேட்டால், நார்வே சொன்ன குறை உண்மை. கண்டுபிடித்த தீர்வில் எனக்கு உடன்பாடில்லை. கதவை மூடினால் தவறு செய்த வீடுகளோடு நல்ல வீடுகளும் போய்விடுகின்றன, வெளியே நிற்கும் பெண்ணுக்கு வேறு கதவும் திறப்பதில்லை. வேலை நேரத்தைப் போய்ப் பார்த்துக் கணக்கிடும் ஆய்வாளரை அனுப்பியிருக்கலாம்.

பெற்றோர்களுக்குப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 280 யூரோவில் வீட்டுக் கடனை அடைக்க முடியாது. கடன் அடைக்க மகளை ஓபேராக அனுப்பாதீர்கள். அவள் கைச்செலவை மிச்சம் பிடித்து அனுப்புவாள், வெளியே போகாமல் அறைக்குள் முடங்குவாள், எதற்காகப் போனாளோ அது நடக்காது. ஜெர்மனியில் உள்ள சேர்க்கை முகவர் ஓபேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. ஆகவே இங்கே யாராவது லட்சக் கணக்கில் கேட்டால், அந்தப் பணம் எதற்கு என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓராண்டு முடிந்ததும் என்ன? ஓபேர் அனுமதியை நீட்டிக்க முடியாது. ஆனால் அந்த ஆண்டில் ஜெர்மன் பி1, பி2 வரை வந்துவிட்டால், தன்னார்வச் சமூகப் பணி ஆண்டுக்கோ தொழிற்பயிற்சிக்கோ விண்ணப்பிக்கலாம். நான் மூன்றாண்டு செவிலியர் பயிற்சியில் சேர்ந்தேன். அதற்குப் பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் உண்டு. ஊருக்குத் திரும்பி வந்து ஆசிரியர்களாக, மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கும் தோழியரும் உண்டு. எந்தப் பாதையும் குறைந்ததல்ல.

இன்னொன்றைச் சொல்லாமல் இறங்க முடியாது. முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் அக்காவைப் பார்த்தேன். அவருக்கு வார விடுமுறை கிடையாது. வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்போம். டம்ளரும் தனி. ஃப்ரைபுர்க் வீட்டில் நான் குளிர்பெட்டியில் ஒட்டிய நாட்காட்டியில் என் ஓய்வு நாளை எழுதி வாங்கியவள். இந்த வீட்டில் அந்த அக்காவுக்கு ஓய்வு நாள் என்ற ஒன்று உண்டு என்பதே எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. 2011-ல் ஜெனிவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 189-ம் உடன்படிக்கையை ஏற்றது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு அதில் இருக்கிறது. ஜெர்மனி 2013-ல் ஏற்புறுதி அளித்தது. இந்தியா இன்னும் அளிக்கவில்லை.

அம்மாவிடம் பேசினேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது; "வெளிநாடு போய் வந்ததும் எங்களுக்கே புத்தி சொல்றியா?" என்றார். நான் அங்கே தரை துடைத்ததை, துணி மடித்ததை, அந்த நோட்டை, நடுங்கிய குரலை எல்லாம் அப்போதுதான் முதல் முறையாக அம்மாவிடம் முழுதாகச் சொன்னேன். அதுவரை போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. அடுத்த மாதம் முதல் அந்த அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை, சம்பளத்தோடு. டம்ளர் மாறியது. வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய அவரை அழைத்துப்போனது அம்மாவேதான்.

தங்கைகளே, கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன், ஜெர்மனியில் ஓபேரும் குடும்பமும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் மாதிரியைத் தமிழில் எழுதி, பிரதிகள் எடுத்து வந்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு அனுப்புங்கள், பெற்றோர்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிவரியாகச் சேர்ந்து வாசிப்போம். வேலை நேரமும் ஓய்வு நாளும் இருக்கும் பத்தியிலிருந்து தொடங்கலாம். முன்வரிசையில் இருக்கும் தங்கை, நீங்கள் எழுந்து சத்தமாக வாசியுங்கள்.